மூன்றாம் நம்பர் இடத்துக் கறை

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு, அக்கா. ஒன்பது வருடமாகக் கார் நிறுத்திவந்த இடத்திலிருந்து, ஒரு எண்ணெய்க் கறைக்காக, பத்து நாளில் வண்டியை வெளியே எடு என்று அவளுக்குச் சொன்னார்கள். கேட்காமல் சொன்னார்கள். விசாரிக்காமல் சொன்னார்கள். நேரில் வந்துகூடச் சொல்லவில்லை, வாட்ஸப்பில் சொன்னார்கள். இதில் எது பெரிய அநியாயம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் அந்தக் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், கவனித்தேன். வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். இந்த வீட்டை எடுத்தால் உங்களுக்கு வரப்போவது நான்காம் நம்பர் இடம். எங்களுடையது மூன்றாம் நம்பர். பக்கத்துப் பக்கத்தில் இருக்கப்போகிறோம், தெரிந்துகொள்வது நல்லது. அந்த நாற்காலியில் உட்காருங்கள். செயலாளர் சாவி கொண்டுவர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். இரண்டு மாடி இறங்குவதற்குள் இரண்டு பேருக்காவது அறிவுரை சொல்லாமல் அவருக்குப் படி இறங்கத் தெரியாது.

செயலாளர் என்றால் நாச்சிமுத்து அங்கிள். பம்ப் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நீங்கள் கோயம்புத்தூருக்குப் புதிது என்றீர்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். இந்த ஊரில் ஓய்வு பெற்ற ஆண்கள் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டியவர்கள். கீழே ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஐந்து பேர் ஐந்து பால்கனியில் நின்று ஐந்து காரணம் சொல்வார்கள். ஒருவரும் இறங்கி வர மாட்டார்கள். சத்தத்தை வைத்தே தெரிந்துவிடுமாம்.

அம்மா ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. காரமடை தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டும். அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். காலை பஸ்ஸைப் பிடிக்க இங்கிருந்து ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். மாலை பஸ்ஸை நம்பினால் வீட்டுக்கு வர ஏழரை. பதினோரு வருடம் அப்படித்தான் போய்வந்தாள். அப்புறம் நாற்பத்தேழு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, பதினெட்டு வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று எட்டுப் போட்டு, லைசன்ஸ் வாங்கினாள். செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்புக் கார் வாங்கினாள். இந்த வளாகத்தில் தினமும் கார் ஓட்டுகிற ஒரே பெண் அவள்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் நாளிலிருந்தே வைத்திருந்தேன்.

கறை தெரிய வந்தது அக்டோபர் கடைசியில். முதலில் உள்ளங்கை அளவு, ஒரு வாரத்தில் தோசைக்கல் அளவு. நாச்சிமுத்து அங்கிள் அதைப் படமெடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, குரூப்பில் ஏற்றினார். மூன்றாம் நம்பர் வண்டி ஆயில் ஒழுகுகிறது, யாராவது வழுக்கி விழ வாய்ப்பு உள்ளது, பத்து நாளில் சரிசெய்யவும், இல்லையேல் வண்டியைத் தெருவில் நிறுத்தவும். கீழே பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். யார் யார் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

தெரு என்றால் எந்தத் தெரு, நீங்கள் வந்தீர்களே அதுதான். எதிரே சிமெண்ட் குடோன். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வரிசையாக நிற்கும் வண்டிகளில் ஒன்றாவது நசுங்காமல் ஒரு மாதம் போகாது. மழைக்காலம் வேறு. சாக்கடைக்காக நோண்டிப் போட்ட பள்ளம் வேறு.

மறுநாள் காலையே நியாயம் கேட்கப் போனேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “அம்மிணி, அது சம்ப்புல அடி வாங்கியிருக்கு. டீச்சர் ஸ்பீடு பிரேக்கர்ல பொறுமையா ஏத்தி எறக்க மாட்டாங்க. லேடீஸ் ஓட்டற வண்டில இது சகஜம்.”

சம்ப் என்றால் என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்குகிற தொட்டி. அவர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வேட்டி மடிப்புக் கலையாமல் தீர்ப்பு. நான் கேட்டேன், இந்த வளாகத்தில் ஆண்கள் ஓட்டுகிற வண்டியில் எத்தனை சம்ப் அடிபட்டிருக்கிறது, பெண்கள் ஓட்டுகிற வண்டியில் எத்தனை, ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று. அதுக்கெல்லாம் புள்ளிவிவரம் எதுக்கு, அனுபவம் இருக்குது என்றார். ஒரே தப்பை முப்பத்தொரு வருஷம் செய்தாலும் அதற்கும் பெயர் அனுபவம்தான் அங்கிள் என்றேன். அடுத்த செடிக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, “சாப்டாச்சா அம்மிணி?” என்று கேட்டார். வாதத்தில் தோற்றவர்கள் இப்படித்தான் பேச்சை மாற்றுவார்கள்.

நான் சமூகவியலில் ஆய்வு செய்கிறேன் அக்கா, அதனால் எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஒரு பெண் தன் பாட்டுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போய்வந்தால் சில பேருக்குப் பொறுக்காது. கறை ஒரு சாக்கு. இதை வீட்டில் விளக்கினேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, பழைய வண்டிதானே, வித்துடலாம் என்றார். முன்னாடி பஸ்ஸில் போனவள்தானே, இன்னும் நாலு வருஷ சர்வீஸ், ஓட்டிவிடலாம் என்றார். அவர் ஆபீசில் ஒருவர் செகண்ட் ஹேண்ட் கார் தேடிக்கொண்டிருந்தாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு எந்தச் சண்டையும் வேண்டாம். சண்டைக்குக் காரணமான பொருளை விற்றுவிட்டால் சண்டை முடிந்தது என்று நினைக்கிறவர்.

அம்மா பாட்டுக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருப்பதுதான் அவளிடம் இருக்கிற குறை. அதனால் அவளுக்காக நான் பேச வேண்டியதாயிற்று.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் எண்ணெய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி போய்விடும், அம்மா மறுபடி ஐந்தே முக்காலுக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். வழக்கமாக எங்கள் வண்டியைப் பார்க்கிறவர் ராயப்பன் என்று துடியலூரில் ஒரு மெக்கானிக். அவர் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்தார், சனிக்கிழமைதான் வருவார். அதுவரை சும்மா இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். ஆராய்ச்சியை நானே தொடங்கினேன்.

முதல் கேள்வி, கறை எங்கள் வண்டியுடையதுதானா. எங்கள் இடத்தில் இருந்தால் எங்களுடையது என்று எப்படிச் சொல்ல முடியும்? மளிகைக் கடையிலிருந்து அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து, பிரித்து, ஒன்று முதல் நான்கு நம்பர் வரை நான்கு வண்டிக்கு அடியிலும் ஒவ்வொன்று விரித்தேன். மறுநாள் காலை எங்கள் அட்டையில் ஐந்து சொட்டு. ஆனால் ஒன்றாம் நம்பர் அட்டையில் பூரி அளவுக்கு ஈரம். ஒன்றாம் நம்பர் யாருடைய வண்டி? நாச்சிமுத்து அங்கிளுடையது. உடனே படமெடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, குரூப்பில் ஏற்றினேன். பத்து நாள் கெடு இவருக்கும் உண்டா என்று ஒரு வரி.

அவர் கீழே வந்தார். ஈரத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்து, “ஏசி தண்ணி அம்மிணி” என்றார். அதையே குரூப்பிலும் போட்டார். பத்து நிமிடத்தில் பதினோரு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். அதே பதினோரு பேர்.

தண்ணீர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறை சரியானது. நான்கு வண்டிக்கும் ஒரே அட்டை, ஒரே நேரம், ஒரே நிபந்தனை. அவர் அப்படி எதையாவது செய்தாரா?

அடுத்து, எங்கள் வண்டியில் எங்கே. இதற்கு ஒரு வழி உண்டு, நான் படித்துத் தெரிந்துகொண்டேன். என்ஜினைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். எண்ணெய் எங்கே வருகிறதோ அங்கே பொடி நனைந்து பழுப்பாகும். என்ன பொடி போடலாம் என்று யோசித்தேன், வீட்டிலேயே கோலப்பொடி டப்பா இருக்கிறது. டீசலும் பழைய பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு, தரையில் சாக்கு விரித்துப் படுத்து, ஒரு மணி நேரம் தேய்த்தேன். சம்ப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோலப்பொடியை அப்பினேன்.

அம்மா பள்ளியிலிருந்து வந்து, காப்பி டம்ளரோடு கீழே இறங்கி வந்து நின்றாள். “பெரியநாயக்கன்பாளையம் சிக்னல்ல நிக்கறப்ப ஒரு கருகின வாசம் வருது கண்ணு. வண்டி ஓடறப்ப வரதில்ல” என்றாள். வாசமெல்லாம் ஆதாரமாகாதும்மா என்றேன். சாக்கில் படுத்திருந்ததால் அவள் கால் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, மேலேயும் கொஞ்சம் தூவிப் பாரேன் என்றாள். எண்ணெய் சொட்டுவது கீழே, மேலே எதற்கு? புவியீர்ப்பு என்று ஒன்று இருக்கிறதும்மா என்றேன்.

“இருக்குதுல்ல, அதத்தான் நானும் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். அவளுக்கு வாதத்தைத் தொடர்ந்து நடத்தத் தெரியாது. பாதியில் எழுந்து போய்விடுவாள்.

பொடி நனைந்தது. சரியாக சம்ப்பின் ஓரத்தில், பின்பக்கம். ஆக, சம்ப்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட் வயதாகிக் காய்ந்திருக்கிறது. அடி வாங்கிய தடம் ஒன்றுகூட இல்லை, படுத்துப் பார்த்தவள் நான். ஸ்பீடு பிரேக்கர் கதை பொய். ஓட்டியவர் குற்றம் இல்லை, பொருளின் வயது. இதை இரண்டு பக்கம் எழுதி, படங்களோடு குரூப்பில் போட்டேன். நாச்சிமுத்து அங்கிள் கட்டைவிரல் காட்டினார். வேறு யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இந்த வளாகத்தில் மூன்று வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், வந்த பிறகு நீங்களே பார்ப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை மெயின் ரோட்டிலிருந்து ஒரு ஒர்க்‌ஷாப்காரரை அழைத்துவந்து, சம்ப்பின் போல்ட்டுகளை எல்லாம் இறுக்கச் சொன்னேன். அவர் பானட்டைத் திறக்கப் போனார். மேலே வேலை இல்லை, சொன்ன வேலையை மட்டும் செய்யுங்கள் என்றேன். உங்களுக்கே எல்லாம் தெரியுதுங்களே என்றார். தெரியும் என்றேன். ஒரு பெண் கேஸ்கட் என்று சரியாகச் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை, முகத்திலேயே தெரிந்தது. இறுக்கிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை அட்டையில் ஏழு சொட்டு.

அன்று மதியம் அம்மா என்னிடம் எதுவும் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ராயப்பன் வந்துவிட்டார், போன் செய்துவிட்டாள் போலிருக்கிறது. என் குறிப்புகளையும் மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நானும் ஏறிக்கொண்டேன். ராயப்பன் மொட்டை போட்டு, சந்தனம் காயாமல் நின்றிருந்தார். நான் ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். அட்டை, பொடி, கேஸ்கட், போல்ட். அவர் நடுவில் பேசாமல் பத்து நிமிடம் கேட்டார், அது எனக்குப் பிடித்திருந்தது. கேட்டு முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்து, “டீச்சரம்மா, ஓட்டறப்ப உங்களுக்கு என்ன தெரியுது?” என்றார்.

அம்மா வாசத்தைச் சொன்னாள். சிக்னலில் நிற்கும்போது மட்டும் என்று சொன்னாள். எப்போதிலிருந்து என்றார். ஆயுத பூஜைக்கு அடுத்த வாரத்திலிருந்து என்றாள். எனக்கு அதுவரை அந்தத் தேதி தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், ஆனால் தானாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

ராயப்பன் பானட்டைத் திறந்தார். என்ஜினுக்கு உச்சியில், எண்ணெய் ஊற்றுகிற வாய்க்கு ஒரு கறுப்பு மூடி இருக்கும். அதைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி நனைந்தது. மூடியைத் திருகி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில், ரப்பர் வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே, இரண்டு அங்குலத்துக்கு ஒரு வாழைநார். அதோடு கறுத்துப் போன ஒரு செவ்வந்தி இதழ்.

மூடி உட்காரவில்லை, அதுதான் விஷயம். வண்டி ஓடும்போது அந்த இடுக்கு வழியாக எண்ணெய் மேலே கசிந்து, என்ஜினின் பின்பக்கமாக வழிந்து, சூடான குழாய் மேல் பட்டுக் கருகி, மிச்சம் சம்ப் ஓரத்துக்கு இறங்கி அங்கிருந்து சொட்டியிருக்கிறது. ராயப்பன் நாரை உருவி எடுத்தார், வளையத்தைத் துடைத்தார், மூடியை மூடினார். நான்கு நிமிட வேலை. “பூ வெச்சீங்களா என்ஜினுக்கு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

இங்கேதான் வழக்கே தலைகீழாகிறது, கவனமாகக் கேளுங்கள். என்ஜினுக்குப் பூ வைத்தது யார்? நாச்சிமுத்து அங்கிள். ஆயுத பூஜை அன்று சங்கத்தின் சார்பில் எல்லா வண்டிக்கும் மாலை, வாழைக்கன்று, பொரி. மற்ற இடங்களில் முன்னால் மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து முடித்துவிடுவார்கள். இவர் அப்படி இல்லை. பம்ப் கம்பெனியில் ஒவ்வொரு மெஷினுக்கும் அவர் கையால்தான் பூ வைப்பாராம். அந்தப் பழக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக வந்து, ஒவ்வொரு பானட்டையும் திறக்கச் சொல்லி, என்ஜின் தலையில் ஒரு முழம் பூ, ஒரு சந்தனப் பொட்டு, ஒரு குங்குமப் பொட்டு. வாழைநாரில் கட்டிய பூ. அவர் வைத்த பூவின் நார் கசிவை உண்டாக்கியிருக்கிறது, அந்தக் கசிவுக்காக அம்மாவுக்கு அவரே கெடு வைத்திருக்கிறார். குற்றம் செய்தவரே நீதிபதி.

மூடி எப்படித் திறந்தது என்று கேட்கிறீர்களா? சரி, சொல்லிவிடுகிறேன். இதுவரை சொல்லாமல் விட்டது மறைப்பதற்காக அல்ல, சம்பந்தமில்லை என்பதற்காக. எனக்கு இந்தப் பூஜையில் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஒரு இயந்திரத்துக்கு மரியாதை செய்வது என்றால் அதற்கு வேண்டியதைக் கொடுப்பதுதான். பூவும் பொட்டும் அதற்கு எதற்கு? இதை வீட்டில் சொன்னேன். சும்மா சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும் என்று மறுநாள் காலை டிக்கியில் இருந்த டின்னை எடுத்துப் போய், மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றினேன். பூ மூடியின் மேலேயே கிடந்தது, ஒதுக்கிவிட்டுத் திறந்தேன். ஊற்றினேன், மூடினேன். அம்மா ஜன்னலிலிருந்து, போன மாசந்தான் ஆயில் மாத்தினேன் கண்ணு, வேண்டாம் என்றாள். அது ஆயில் பற்றிய விஷயம் இல்லையம்மா, கொள்கை பற்றிய விஷயம் என்று சொன்னது நினைவிருக்கிறது.

ஆனால் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பூ இல்லையென்றால் நார் இல்லை. நார் இல்லையென்றால் நான் நூறு தடவை திறந்து மூடியிருந்தாலும் ஒரு சொட்டுக் கசியாது. ராயப்பனிடமும் இதைத்தான் சொன்னேன். அவர், மூடும்போது ஒரு தடவை குனிஞ்சு பாத்திருந்தா போதுங்க பாப்பா என்றார். என்னைப் பாப்பா என்று கூப்பிடாதீர்கள் என்றேன். திரும்பி வரும் வழியில், அந்த சிக்னலுக்கு வேண்டுமென்றே போய், சிவப்பில் நின்று, கண்ணாடியை இறக்கி முகர்ந்து பார்த்தாள் அம்மா. சிரித்தாள்.

அப்பா ஆபீஸ்காரருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்லதாப் போச்சு என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பாதி வெற்றி. மீதி பாதி, அந்தக் கெடு. அது அப்படியே நின்றது, செவ்வாயோடு பத்து நாள் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாதக் கூட்டம். வண்டிகளைத் தெருவுக்கு எடுத்துவிட்டு, இதே இடத்தில், இதே நாற்காலிகளைப் போட்டு.

நான் மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கெடுவைத் திரும்பப் பெற வேண்டும். லேடீஸ் ஓட்டற வண்டி என்று சொன்னதற்கு அதே குரூப்பில், எழுத்தில், அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனிமேல் யார் என்ஜினிலும் சங்கம் பூ வைக்கக் கூடாது. லிஃப்டில் இறங்கும்போது அம்மா சொன்னாள், எடத்தை மட்டும் கேளு கண்ணு, மத்ததெல்லாம் எதுக்கு என்று. இடம் அவர்கள் போடுகிற பிச்சை இல்லையம்மா, உன் உரிமை என்றேன். லிஃப்ட் கதவு திறந்துவிட்டது.

வாசித்தேன். இரண்டாம் பக்கம் வரும்போது ஒருவர் தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவுவீர்கள் என்று குறுக்கே கேட்டார். அவரையும் உட்கார வைத்துவிட்டு முழுவதையும் வாசித்தேன். நார் வைத்த பிளாஸ்டிக் கவரை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். நாச்சிமுத்து அங்கிள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். டீச்சர் வண்டி சரியாயிருச்சுன்னா பழைய எடத்துலயே நிக்கட்டும், நமக்கென்ன, அடுத்த விஷயத்துக்குப் போலாமா என்றார்.

அப்படி விட்டுவிட முடியுமா அக்கா? தப்பு செய்ததை ஒப்புக்கொள்ளாமல், ஏதோ பெரிய மனதோடு இடம் கொடுக்கிற மாதிரி? மன்னிப்பு எங்கே என்று கேட்டேன்.

அவர் எழுந்தார். மெதுவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “பூ வெச்சது நாந்தான், இல்லைன்னு சொல்லல. எட்டு வண்டிக்கு வெச்சேன். ஏழு வண்டி ஒழுகல. டீச்சர், நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த மூடியைத் தொறந்தது யாருங்க?”

நான் உடனே எழுந்தேன். இது வழக்கைத் திசை திருப்புகிற கேள்வி என்றேன். பாதிக்கப்பட்டவரையே கூண்டில் ஏற்றுகிற பழைய தந்திரம் என்றேன். மூடி திறப்பது வாகனத்தின் இயல்பான பயன்பாடு, நார் வைப்பது இயல்பல்லாத தலையீடு, இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். அப்பா நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். கடைசியில் நாச்சிமுத்து அங்கிள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மன்னிப்பு அது இதுன்னா கமிட்டில பேசித்தான் முடிவு பண்ணோணும், அடுத்த மாசக் கூட்டத்துல வெச்சுக்கலாம், அதுவரைக்கும் வண்டி வெளிய நிக்கட்டும் என்றார்.

நிற்கட்டும் என்றேன். ஒரு மாதம் என்ன, ஒரு வருடம் நிற்கட்டும். மன்னிப்பு இல்லாமல் அந்த இடத்தை நாங்கள் தொட மாட்டோம் என்றேன். பின் வரிசையில் யாரோ கை தட்டினார்கள், கேலிக்கா நிஜத்துக்கா என்று தெரியவில்லை.

அப்போது அம்மா எழுந்தாள். ஒன்பது வருடத்தில் எந்தக் கூட்டத்திலும் அவள் வாய் திறந்ததில்லை. எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. இத்தனை நாள் நான் பேசிப் பேசி அவளுக்கும் ஒரு தைரியம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நீங்கள் மூன்றாம் ஆள், இரண்டு பக்கமும் சாராதவர், நீங்களே சொல்லுங்கள், ஒரு மகளுக்கு இப்படிச் செய்யலாமா என்று. கார் சாவி கையில் இருந்தது. அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

“நாச்சிமுத்தண்ணா, மூடியை யாரு தொறந்தாலும் வண்டி என்னுதுங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்திருக்க வேண்டியது நானு, பாக்கல. நான் ஸ்பீடு பிரேக்கர்ல எப்படி ஏத்தி எறக்கறேன்னு பாக்கோணும்னா நாளைக்குக் காலைல ஏழே முக்காலுக்குக் கீழ வாங்க, ஸ்கூல் வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். மன்னிப்பு நான் கேக்கல, இவதான் கேக்கறா. அதைய நீங்களும் இவளும் எத்தனை மாசம் வேணும்னாலும் பேசுங்க, எங்க வேணும்னாலும் உக்காந்து பேசுங்க. இப்ப அந்த மூணாம் நம்பர்ல போட்டிருக்கற சேரை மட்டும் எடுத்தீங்கன்னா, நான் வண்டியை உள்ள கொண்டாந்து நிறுத்திக்கறேன்.”